நூற்று முப்பது பவுண்டும் ஒரு கையெழுத்தும்

"நூத்தி முப்பது பவுனா! அவ்வளவு நகை உன்கிட்ட ஏதுடி?"

கும்பகோணத்திலிருந்து அம்மா போனில் போட்ட கூச்சலில் அடுப்பில் வைத்த பாலையே மறந்துவிட்டேன். "நகை பவுன் இல்லேம்மா, பவுண்டு. இந்த ஊர்ப் பணம். காரைத் தப்பா நிறுத்திட்டேன்னு அபராதம் போட்டுட்டாங்க" என்று விளக்கிய பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வந்தது. ரூபாயில் பதிமூன்றாயிரத்துக்கு மேலே என்று கணக்குச் சொன்னதும் வந்த மூச்சு மறுபடி நின்றது!

போன இதழில் குளிர்காலத்துப் பித்தவெடிப்பைப் பற்றி எழுதியதற்குப் பல சகோதரிகள் கடிதம் போட்டிருந்தீர்கள். ரொம்ப நன்றி. இந்தத் தடவை மருந்தும் இல்லை, சமையலும் இல்லை. லண்டனில் ஒரு தெருவோரத்தில் ஆரம்பித்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் முடிந்த ஒரு விவகாரத்தைச் சொல்லப் போகிறேன். கோர்ட்டு, வக்கீல் என்று பயந்துவிடாதீர்கள். பேனாவும் காகிதமும் கொஞ்சம் பொறுமையும்தான்.

எங்கள் வீட்டில் இங்கிலீஷ் கடிதம் என்றால் அது என்னவருடைய இலாகா. கரண்டு பில், பாங்கு, இன்ஷூரன்ஸ், பையனின் பள்ளிக்கூடத்துச் சமாசாரம் எல்லாம் அவர்தான். நான் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவள். இருபது வருஷமாக இந்த ஊரில் இருந்தும், கடையில் பேசவும் டாக்டரிடம் சொல்லவும் போதுமான இங்கிலீஷ்தான் எனக்கு. கவர் வந்தால் பிரிக்காமல் அவர் நாற்காலியில் வைத்துவிடுவேன். அத்தோடு என் வேலை முடிந்தது.

2022 பிப்ரவரியில் ஒரு நாள் காலை, பல் தேய்க்கப் போனவர் கையிலிருந்து பிரஷ் நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கவாதம். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் உடம்பின் வலது பக்கம் வலுவிழக்கும், பேச்சும் பாதிக்கப்படலாம் என்பதை அன்றைக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்துகொண்டேன். உயிர் பிழைத்தார். அதுவே பெரிது. புத்தியில் ஒரு குறையும் இல்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். அவர் சொல்ல வேண்டிய வார்த்தைதான் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வலது கை மடியிலேயே கிடக்கும். கைத்தடியும் என் தோளுமாகப் பத்தடி நடப்பார். அதற்குமேல் சக்கர நாற்காலிதான்.

ஒன்றரை வருஷம் எல்லாவற்றுக்கும் டாக்சி. கை கடித்தது. வாசலில் கார் சும்மா நின்றுகொண்டிருக்கிறது, ஓட்டத்தான் ஆள் இல்லை. நாற்பத்து நாலாவது வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இரண்டு தடவை தேர்வில் கோட்டை விட்டு, மூன்றாம் தடவை பாஸ் செய்தேன். அந்தக் கூத்தை இதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

இனி நீல அட்டையைப் பற்றி. இந்த ஊரில் தெருவோரத்திலும் கார் நிறுத்துமிடங்களிலும் சக்கர நாற்காலிப் படம் போட்ட கட்டங்கள் இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கென்று ஒதுக்கிய இடம். அங்கே நிறுத்த 'ப்ளூ பேட்ஜ்' என்கிற நீல அட்டை வேண்டும். ஆல்ஃப் மாரிஸ் என்ற பார்லிமெண்ட் உறுப்பினர் தனி உறுப்பினர் மசோதாவாகக் கொண்டுவந்து 1970-ல் நிறைவேறிய சட்டம்தான் இதற்கு விதை. அவருடைய அப்பா முதல் உலகப் போரில் அடிபட்டு ஊனமாகித் திரும்பியவர். வீட்டில் பார்த்தவருக்குத்தானே கஷ்டம் தெரியும்! 1971-ல் ஆரஞ்சு நிறத்தில் வந்த அட்டை, 2000-லிருந்து நீலமாயிற்று. 2019 ஆகஸ்டு முதல் இங்கிலாந்தில், ஆட்டிசம், மறதி நோய், மனநோய் என்று வெளியே தெரியாத குறை உள்ளவர்களில் நடமாடச் சிரமப்படுகிறவர்களும் கேட்கலாம் என்று விரிவாக்கினார்கள்.

ஒரு விஷயத்தை நன்றாக மனத்தில் வையுங்கள். இந்த அட்டை காருக்கு இல்லை, ஆளுக்கு. அந்த ஆள் யார் காரில் போனாலும், டாக்சியில் போனாலும் கூட அது செல்லும். இது தெரியாமல், நான் கார் ஓட்டப் பழகிய பிறகுதான் கவுன்சிலுக்கு மனுப் போட்டேன். இங்கிலாந்தில் கட்டணம் பத்துப் பவுண்டுக்கு மேல் கிடையாது, மூன்று வருஷம் வரை செல்லும். 2023 அக்டோபரில் அட்டை தபாலில் வந்தது. அவர் படத்தோடு. வாய் ஒரு பக்கம் லேசாக இறங்கிய படம்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பத்தரை மணிக்குப் பேச்சுப் பயிற்சி. நல்ல மழை. பயிற்சி நடக்கிற கட்டடத்துக்கு எதிரிலேயே ஒரு நீலக் கட்டம் காலியாக இருந்தது. அப்படியே நுழைத்தேன். அட்டையை எடுத்து டாஷ்போர்டில், அவர் முகம் நன்றாக மேலே தெரிகிற மாதிரி நேராக வைத்தேன். சக்கர நாற்காலியை இறக்கி, அவரை ஏற்றி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்தி, ஓட்டமாய் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தால், முன்கண்ணாடியில் மஞ்சள் உறை ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே சீட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான இடத்தில், செல்லுபடியாகும் அட்டையை உரிய முறையில் காட்டாமல் நிறுத்திய குற்றம். அதற்கு 40 என்று ஒரு நம்பர் வேறு. அபராதம் 130 பவுண்டு. பதினாலு நாளுக்குள் கட்டினால் பாதி, 65.

எனக்குக் கை நடுங்கிவிட்டது. நொண்டிகளுக்கான இடத்தைத் திருடியவள் மாதிரி தெருவில் நிற்கிறேன். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மழையில் நனைந்துகொண்டு அவர். சீட்டை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் காலைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. பேசியிருந்தால் கூடப் பரவாயில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை கிளம்பச் சொன்னால் அசைய மாட்டேன் என்கிறார். காரைக் காட்டித் தலையை ஆட்டுகிறார். "என்னங்க, பயிற்சியை விட்டா எப்படி?" என்று கெஞ்சினேன். இடது கையால் காற்றில் வட்டம் போட்டுக் காட்டினார். டாக்சி! டாக்சி என்றால்தான் வருவாராம். தன்னால் எனக்கு அபராதம் வந்துவிட்டது என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டார் மனிதர். போக வர டாக்சிக்கு இருபது பவுண்டுக்கு மேல். நாலு வாரத்தில் அபராதத்தின் பாதிப் பணத்தைத் தாண்டிவிட்டது!

இப்படி ஒரு சீட்டு வந்தால் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா, "பிள்ளை, உதுக்கு ஏன் மல்லுக்கட்டுறீர்? பாதிக் காசைக் கட்டிப்போட்டு நிம்மதியா இரும்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். என் சித்தி பையன் ஒருத்தன் இங்கே இருக்கிறான், காருக்கு வேண்டிய எல்லாக் குறுக்கு வழியும் தெரிந்தவன். அவன் போனில், "அக்கா, ரொம்ப சுலபம். அட்டையை ஒழுங்காத்தான் வெச்சேன், கதவைச் சாத்தினப்போ சறுக்கிக் கீழே விழுந்துடுச்சுன்னு எழுது. எல்லாரும் அதான் எழுதுறாங்க" என்றான்.

உண்மையைச் சொல்கிறேன் சகோதரிகளே, அன்று ராத்திரி அப்படியேதான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு என்ன தப்பு என்றே புரியவில்லை. அட்டை வைத்தேன், தேதி இருக்கிறது, ஆளும் இருக்கிறார். பின்னே எதற்கு அபராதம்? ஒருவேளை நிஜமாகவே சறுக்கியிருக்குமோ என்று எனக்கே ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. பொய் எழுத உட்காரும்போது முதலில் நம்மையேதான் நம்ப வைத்துக்கொள்கிறோம், இல்லையா?

ஒரு வரி எழுதியிருப்பேன். பையன் கம்ப்யூட்டரோடு வந்தான். பதினேழு வயசு. "அம்மா, சீட்டு நம்பரையும் கார் நம்பரையும் போட்டா, அவங்க எடுத்த போட்டோ எல்லாம் கவுன்சில் பக்கத்துல வருது. இதைப் பாரு" என்றான்.

பார்த்தேன். எங்கள் கார். சக்கரத்துக்குக் கீழே நீலக் கட்டம். அடுத்த படம் முன்கண்ணாடிக்கு ரொம்பப் பக்கத்தில் எடுத்தது. மழைத்துளிக்குள்ளே என் வீட்டுக்காரர் முகம்! வாய் ஒரு பக்கம் இறங்கிய அதே முகம், அந்தப் படத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அட்டை சறுக்கவும் இல்லை, விழவும் இல்லை. நான் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது.

அட்டையோடு வந்த சிறு புத்தகத்தைப் பையன் எடுத்துப் படித்துக் காட்டினான். காட்ட வேண்டியது முன்பக்கம். காலாவதித் தேதியும் அட்டை நம்பரும் இருக்கிற பக்கம். படம் கீழே இருக்க வேண்டும். யாருடைய அட்டை என்று தெருவில் போகிற வருகிறவர்கள் பார்க்கக் கூடாதாம். நம் ஊரில் வோட்டர் கார்டாகட்டும், ஆதார் ஆகட்டும், முகம் இருக்கிற பக்கம்தானே முன்பக்கம்? இந்த ஊரில் முகம் பின்பக்கம்! புத்தகம் இங்கிலீஷில் இருந்ததால் நான் அதைத் தொடவே இல்லை. தப்பு யார் மேல் என்று இனிமேல் கேட்க வேண்டாம்.

சீட்டு எழுதிய வார்டன்மேல் எனக்கு இருந்த கோபமும் அன்றோடு போயிற்று. அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு முகம். தேதி தெரியவில்லை. செத்துப்போன தாத்தாவின் அட்டையை வைத்துக்கொண்டு நிறுத்துகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அவர்களால் என்னவரைப் போன்றவர்களுக்கு இடம் இல்லாமல் போகிறது. அதைத் தடுக்கத்தானே அந்த வார்டன் மழையில் நடக்கிறார்?

எழுதிய வரியைக் கிழித்துப் போட்டேன். அட்டையைத் தெரியாமல் திருப்பி வைத்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று நான் தமிழில் சொல்ல, பையன் இங்கிலீஷில் எழுதி அனுப்பினான்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஜனவரியில் பதில் வந்தது. அட்டை உரிய முறையில் காட்டப்படவில்லை, ஆகவே அபராதம் சரியே. இன்னும் பதினாலு நாளுக்குள் கட்டினால் 65 பவுண்டுக்கே முடித்துக்கொள்கிறோம். அவ்வளவுதான். உண்மை சொன்னதற்கு இதுவா பலன் என்று அழுகையே வந்துவிட்டது. அப்புறம் யோசித்தேன். உண்மையைச் சொன்னேனே தவிர, அது உண்மை என்று காட்ட ஒரு காகிதமாவது வைத்தேனா? மன்னிப்பு மட்டும் ஒரு பக்கம். அட்டையின் நகல் இல்லை. பயிற்சிக்கு அழைத்த கடிதம் இல்லை. கவுன்சிலில் கடிதம் படிக்கிறவருக்கு என் குரல் தெரியுமா, முகம் தெரியுமா?

சரி, போதும், கட்டிவிடலாம் என்று பாங்குக் கார்டை எடுத்தேன். ஒரு வாரத்து மளிகைக் காசு போகட்டும். அப்போது என்னவர் இடது கையை நீட்டி அந்தக் கார்டின் மேல் வைத்தார்.

"வே...ண்டாம்."

"தப்பு என்னுதுதானேங்க? திருப்பி வெச்சது நான்தானே?"

தலையை ஆட்டினார். வார்த்தையைத் தேடினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவசரப்படுத்தக் கூடாது, நாம் முடித்துவைக்கக் கூடாது, காத்திருக்க வேண்டும் என்று. காத்திருந்தேன். குக்கர் இரண்டு விசில் அடித்தது. பிறகு மார்பில் விரலை வைத்துச் சொன்னார்:

"நான்... இருந்தேன்."

இவ்வளவுதான். ஆனால் மூன்று மாதமாக நான் எழுதியதிலும் பேசியதிலும் இல்லாத விஷயம் அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. அட்டை திரும்பியிருந்தது நிஜம். ஆனால் அந்த இடம் யாருக்காகப் போட்டதோ அந்த ஆள் அன்றைக்கு அங்கே இருந்தார். யாருடைய இடத்தையும் நாங்கள் பறிக்கவில்லை. இதைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. பேசாமல் கட்டிவிட்டால், அவர் அந்தத் தெருவில் இனி தலை நிமிர்ந்து இறங்க மாட்டார். அறுபத்தைந்து பவுண்டு பெரிதில்லை, அது பெரிது.

கட்டவில்லை. தோற்றால் 130 முழுசாகக் கட்ட வேண்டும் என்று தெரிந்தேதான் துணிந்தேன். அடுத்தபடியாக, காரின் சொந்தக்காரருக்கு என்று முறையான நோட்டீஸ் வந்தது. பிரித்தால் அவர் பெயர்! கார் அவர் பெயரில் இருக்கிறது, ஆகவே மறுப்புத் தெரிவிக்க வேண்டியவரும் அவரே. அவர் எழுத்து மூலம் அனுமதி கொடுத்தால் வேறொருவர் அவருக்காக எழுதலாம். பையன், "அப்பாவுக்குப் பதிலா நாம எழுதிடலாம்மா" என்றான். அவர் நோட்டீஸைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

இந்தத் தடவை கடிதத்தை நாங்கள் மூன்று பேரும் மேஜையில் உட்கார்ந்து எழுதினோம். அழுகை, புலம்பல் எல்லாம் நீக்கிவிட்டோம். தேதி, நேரம், தெரு. அட்டையைப் படம் மேலே வைத்தது எங்கள் தவறு, ஒத்துக்கொள்கிறோம். அட்டை அன்றைக்குச் செல்லுபடியானது, இரு பக்க நகலும் இத்துடன். அட்டைக்கு உரியவர் காரில் வந்தார், பத்தரை மணிக்குப் பயிற்சிக்கு அழைத்த கடிதம் இத்துடன். அட்டை காருக்குள் இருந்தது என்பதற்கு நீங்கள் எடுத்த போட்டோவே சாட்சி. அட்டை கிடைத்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. இதற்குமுன் எங்கள்மேல் இப்படி ஒரு சீட்டும் இல்லை. ரத்துச் செய்வதற்கு இவற்றைத் தகுந்த காரணமாக ஏற்க வேண்டுகிறோம். அவ்வளவே. ஒரு பக்கம்.

கையெழுத்து பாக்கி. பக்கவாதம் வந்த பிறகு அவர் கையெழுத்தே போட்டதில்லை. எல்லாவற்றுக்கும் நான்தான். பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டார். பழைய கையெழுத்து நினைவிருக்கிறதா, கடைசி எழுத்தைச் சுழித்து மேலே கொண்டுபோய் ஒரு புள்ளி வைப்பார், ஆபீசில் எல்லாரும் கிண்டல் செய்வார்கள். அந்தச் சுழிப்பு வரவில்லை. குழந்தை எழுதுவது போல் ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். கடைசியில் யோசித்து ஒரு புள்ளி வைத்தார். பையன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் சாம்பாரைப் பார்க்கப் போனேன்.

2024 மார்ச்சில் பதில் வந்தது. கவரை நானே பிரித்தேன். அவரிடம் கொடுக்காமல் நானாகப் பிரித்து நானாகப் படித்த முதல் இங்கிலீஷ் கடிதம் அது. அட்டைதாரர் பயணம் செய்ததற்கான சான்றைப் பார்த்ததால் இந்த அபராதத்தை ரத்துச் செய்கிறோம், இந்த முறை மட்டும். இனிமேல் இப்படி நேர்ந்தால் இதே சலுகை கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எச்சரிக்கைதான். நியாயமான எச்சரிக்கை. அன்று கேசரி செய்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்சி இல்லை. அதே தெரு, அதே கட்டம். அட்டையை நான் எடுப்பதற்குள் அவர் இடது கையால் வாங்கிக்கொண்டார். திருப்பிப் பார்த்தார். படத்தைக் கீழே போட்டு, டாஷ்போர்டில் வைத்து, விரலால் தட்டி, "தே...தி" என்றார். பயிற்சி டீச்சர் அன்றைக்குக் கேட்டிருக்க வேண்டும்!

ஒரு மாதம் கழித்து அந்தச் சித்தி பையன் போன் செய்தான். ஜெயித்ததற்குப் பாராட்டிவிட்டு, மெதுவாக, "அக்கா, சனிக்கிழமை கல்யாணப் புடவை எடுக்கப் போறோம். அங்கே நிறுத்த இடமே கிடைக்காது. அத்தானோட அட்டையை ஒரு மணி நேரம் குடேன். அவர் வீட்டுலதானே இருக்கப் போறார்?" என்றான்.

முன்பு என்றால் கொடுத்திருப்பேனோ என்னவோ. சொந்தக்காரப் பையன், முகத்தை முறிக்க முடியுமா என்று. இப்போது முடியாது. "தம்பி, கவுன்சிலுக்கு நாங்க எழுதின கடிதாசு முழுக்க ஒரே விஷயம்தான். அத்தான் கார்ல இருந்தார். அவர் இல்லாம அந்த அட்டை வெறும் அட்டைடா" என்றேன். இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது பேசுகிறான். அட்டையை இரவல் கொடுத்துப் பிடிபட்டால் ஆயிரம் பவுண்டு வரை அபராதமும் உண்டு, அட்டையும் பறிபோகலாம். அது வேறு விஷயம்.

உங்கள் மகளோ, மருமகளோ, தங்கையோ இங்கிலாந்தில் இருந்தால் கீழே உள்ளதை வெட்டி எடுத்து அனுப்பி வையுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டவை.

1. அட்டையை வைத்ததும் வெளியே வந்து கண்ணாடி வழியாக ஒரு தடவை பாருங்கள். தேதி தெரிகிறதா? முகம் தெரிந்தால் தப்பு. காலாவதித் தேதியைச் சமையலறைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

2. நேரக் கட்டுப்பாடு உள்ள இடத்தில் அட்டையோடு தருகிற கடிகார அட்டையிலும் வந்த நேரத்தைத் திருப்பி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் மஞ்சள் கோட்டில், சரக்கு ஏற்றி இறக்கத் தடை இல்லாத இடத்தில், மூன்று மணி நேரம் வரை நிறுத்தலாம். அதற்கும் கடிகாரம் வேண்டும். மத்திய லண்டனில் சிட்டி, வெஸ்ட்மின்ஸ்டர், கென்ஸிங்டன்-செல்ஸீ, காம்டனின் ஒரு பகுதி ஆகிய இடங்களில் விதிகள் வேறு. போவதற்கு முன்பே விசாரியுங்கள்.

3. சீட்டு ஒட்டியிருந்தால் அழுவதற்கு முன்னால் போனை எடுத்துப் படம் பிடியுங்கள். கார், அட்டை, தரையில் உள்ள கட்டம், பலகை எல்லாம். கவுன்சில் எடுத்த படத்தையும் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

4. மறுக்கப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டாதீர்கள். கட்டினால் விவகாரம் முடிந்ததாக அர்த்தம். முதல் கடிதத்தைப் பதினாலு நாளுக்குள் அனுப்புங்கள். எங்களுக்கு நடந்தது போல, நிராகரித்தாலும் பெரும்பாலும் பாதித் தொகைக்கு மறுபடி வாய்ப்புத் தருவார்கள்.

5. சான்று, சான்று, சான்று. அட்டையின் இரு பக்க நகல், ஆஸ்பத்திரிக் கடிதம், கடை ரசீது, எதுவானாலும் அவர் உங்களோடு வந்ததைக் காட்டுவது.

6. சொந்தக்காரருக்கு நோட்டீஸ் வந்தபின் மறுப்பு எழுத 28 நாள். அந்த மறுப்புக்கு 56 நாளுக்குள் கவுன்சில் பதில் தராவிட்டால் அபராதம் தானாக விழுந்துவிடும். நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் மட்டும் இருக்காதீர்கள். தொகை ஒன்றரை மடங்காகும், பிறகு கோர்ட்டில் பதிவாகி, வசூலிக்கிற ஆள் வீட்டுக்கே வருவார்.

7. அதையும் நிராகரித்தால், 28 நாளுக்குள் கவுன்சிலுக்குச் சம்பந்தமில்லாத நடுவரிடம் போகலாம். லண்டனில் 'லண்டன் டிரிப்யூனல்ஸ்'. இங்கிலாந்தில் மற்ற ஊர்களுக்கும் வேல்ஸுக்கும் 'டிராஃபிக் பெனால்ட்டி டிரிப்யூனல்'. கட்டணம் கிடையாது. ஆனால் ஒன்று: சட்டப்படி தப்பு நடந்திருந்து, இரக்கம் மட்டுமே கேட்டால், நடுவர் கவுன்சிலுக்குச் சிபாரிசுதான் செய்ய முடியும். ஆகவே உங்கள் பக்கத்துக் காரணங்களைக் கவுன்சிலுக்கு எழுதும்போதே முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

8. சூப்பர் மார்க்கெட் போன்ற தனியார் இடத்தில் கம்பெனி ஒட்டுகிற சீட்டு வேறு. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். அதற்கு முதலில் அந்தக் கம்பெனிக்கே எழுத வேண்டும், பிறகு அவர்கள் சேர்ந்திருக்கும் சங்கத்தைப் பொறுத்துப் 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' என்கிற மேல்முறையீடு. அங்கே நீல அட்டைக்குத் தெருவில் உள்ள சட்ட பலம் இல்லை. ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கு நியாயமான வசதி செய்து தர வேண்டும் என்று 2010-ம் வருஷத்துச் சமத்துவச் சட்டம் சொல்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதலாம்.

9. எங்களுக்கு 130 ஆக இருந்த அபராதத்தை, 2025 ஏப்ரலில் லண்டனில் 160 வரை ஏற்றிவிட்டார்கள். ஆகவே முதல் குறிப்பை மறுபடி ஒரு தடவை படித்துவிடுங்கள்!

இப்போது எங்கள் வீட்டில் கவர் வந்தால் நான் பிரிக்கிறேன். புரியாத வார்த்தைக்கு அடியில் கோடு போட்டு, அவர் நாற்காலிக்குக் கொண்டுபோகிறேன். அவர் பார்த்துவிட்டு, முக்கியமானது என்றால் இடது கையால் மேஜையைத் தட்டுவார். கையெழுத்து வேண்டும் என்றால் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். போன வாரம் பாங்குக் கடிதத்தில் போட்ட கையெழுத்தின் கடைசி எழுத்தில் லேசாக ஒரு சுழிப்பு தெரிந்தது.

அம்மாவுக்கும் போன் செய்து, அபராதம் இல்லை என்று ஆகிவிட்டதைச் சொன்னேன். "அப்பாடா, நூத்தி முப்பது பவுனும் தப்பிச்சுதா?" என்றாள். தப்பித்தது, அம்மா. சொக்கத் தங்கமாகவே தப்பித்தது.

அடுத்த இதழில் சந்திப்போமா, சகோதரிகளே?